ஓட்டுநர் கண்ட பறவை

ஜீப்பின் இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும் மஞ்சள் பை மாட்டியிருந்தது. ஜவுளிக்கடையில் துணி எடுத்தால் கொடுப்பார்களே, அந்தப் பைதான். கைப்பிடிகளைக் கண்ணாடியின் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி அக்கறையாக முடிச்சுப் போட்டிருந்தது. நான் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக இருந்த அலுவலகத்தின் வாசலில், ஒரு ஜமாபந்தி நாளன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு அந்த ஜீப் அப்படித்தான் நின்றது. பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்த முடிச்சு எனக்குத் தெரிகிறது.

வருவாய்த் துறையில் இல்லாதவர்களுக்கு ஜமாபந்தி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை மேலதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் பார்ப்பார், மனுக்களை வாங்குவார். கிட்டத்தட்ட வீட்டுக் கல்யாணம். பந்தல் உண்டு, தோரணம் உண்டு, முதல் நாள் ராத்திரி யாரும் தூங்குவதில்லை, கடைசியில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு போவார். அந்த வருடம் கோபித்துக்கொண்டவர் மேலதிகாரியே. அவருடைய கார் உள்ளே வர வேண்டும், ஜீப்பைப் பின்னால் எடு என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஓட்டுநர் ஓடிவந்து ஏறி, அந்த அவசரத்தில் பைகளைக் கழற்றாமல், பின்னால் எதுவும் தெரியாமலே எடுத்துவிட்டார். ஜீப் பந்தக்காலில் இடித்தது. ஒரு பக்கத்துத் துணி மொத்தமும் மனுதாரர்கள் தலையில் இறங்கியது. மாவிலைத் தோரணம் அறுந்து, அப்போதுதான் காரிலிருந்து இறங்கி வந்த அதிகாரியின் தோளில் விழுந்தது. அதை அவர் வரவேற்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே குறிப்பாணை கொடுத்தோம். மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ஓட்டுநர் இரண்டாம் நாளே கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு வண்ணாத்திக் குருவி தினமும் காலையில் ஜீப்புக்கு வருகிறது, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை இன்னொரு குருவி என்று நினைத்துச் சண்டை போடுகிறது, அலகில் ரத்தம் வருகிறது, அதற்குக் குஞ்சு இருக்கிறது, அதனால் பை கட்டினேன், அன்று அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டேன், தவறுக்கு வருந்துகிறேன். அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடப் பணியில் ஆயிரக்கணக்கான விளக்கங்களைப் படித்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமான, அதைவிட நேர்மையான விளக்கம் என் கைக்கு வந்ததில்லை. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது தோன்றியது ஒரு வாக்கியம்.

விளக்கத்தின் மீது குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. நான் இப்படி எழுதினேன்: "ஓட்டுநர் குறிப்பிடும் பறவையை இவ்வலுவலகத்தில் வேறு எவரும் கண்டதில்லை. அதைக் காண்பதற்குரிய நிலையில் வேறு எவரும் பணிக்கு வருவதில்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்."

வட்டாட்சியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எழுத்தர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கோப்பை வாங்கிப் படித்தார்கள். அந்த மனிதர் குடித்துவிட்டு வந்தாரா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வாக்கியமே அதைச் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் மீது ஒரு நாளும் வாடை அடித்ததில்லை. அப்புறம் ஏன் எழுதினேன் என்றால், நன்றாக வந்தது, எழுதினேன். கண்டனம் என்று ஆணை வந்தது. ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "வாரேன் மேடம்" என்று போனார். அன்றிலிருந்து அவருக்கு அலுவலகத்தில் 'குருவி' என்று பெயர். அடுத்த வருடம் எனக்கு மாறுதல் வந்தது. வாக்கியத்தை நான் மறந்துபோனேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு பிரிவு உபசாரக் கூட்டங்களில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல கைதட்டு.

ஓய்வு பெற்றபின் புதுக்கோட்டையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். வீட்டின் பின்னால் நாலு சென்ட் கொல்லை. ஒரு முருங்கை, ஒரு கொடுக்காப்புளி, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, பழைய கிணறு, பின் வேலி ஓரமாக என் கணவரின் கார். மகள் வெளிநாடு போகும்போது தன் கேமராவையும் நீளமான லென்ஸ் ஒன்றையும் அலமாரியில் விட்டுப்போயிருந்தாள். சும்மா இருக்கிற பொருளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கொல்லைக்கு வரும் பறவைகளைப் படம் எடுப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானித்தபின் செயல்முறைதானே. கேமராவோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்க உத்தரவாத நிபந்தனைகள் வரை படித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டேன். பதிவேடு ஒன்று திறந்தேன். வரிசை எண், நாள், நேரம், பறவை, அது இருந்த இடம், குறிப்புரை. ஆறு பத்திகள்.

அடுத்துச் செய்ததை ஒரு வருவாய்த் துறைக்காரரால் மட்டுமே செய்ய முடியும். ஆட்சியர் ஆய்வுக்கு வருகிறார் என்றால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். இரண்டு ஆள் வைத்துக் கொல்லையைச் சுத்தம் பண்ணினேன். சருகு முழுக்க வாரிக் கொளுத்தியாயிற்று. வேலியோரத்துப் புதரை வெட்டி எறிந்து, முருங்கையைக் கழித்து, கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டையும் போட்டேன். பின்னணி தெளிவாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. எவர்சில்வர் தட்டில் நெல்லை வைத்து, நாற்காலி போட்டு, ஆரஞ்சுச் சேலையில் காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். ஒன்பது நாட்களுக்குப் பதிவேட்டில் ஒரே குறிப்புரை: 'வருகை இல்லை'.

என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டே, "ஆடிட்டு வருதுன்னு நெனச்சு எல்லாம் லீவு போட்டுருச்சு போல" என்றார்.

"நீங்க உள்ள போங்க. நீங்க நிக்கிறதாலதான் வரல."

"நான் முப்பது வருசமா இங்கதான் நிக்கிறேன். அதுக வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவர் சொன்னது சரியென்று ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. வேலைக்காரப் பெண்ணிடம் சருகைப் பெருக்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சருகு சேர்ந்தது, சருகுக்கு அடியில் பூச்சி சேர்ந்தது, பூச்சிக்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்தன. எவர்சில்வர் தட்டு பளபளத்ததால் அதை எடுத்துவிட்டு மண் தட்டில் தண்ணீர் வைத்தேன், கொண்டைக்குருவி வந்து குளித்தது. ஆரஞ்சுச் சேலை போய் இலைப் பச்சையில் ஒன்று வந்தது. நாற்காலியையும் விட்டு மனைக்கட்டையில் உட்கார்ந்தேன். பறவையின் கண் மட்டத்துக்கு நம் கண் இறங்கினால்தான் படம் படமாகிறது. அறுபது வயதில் முழங்கால் அதற்கு ஆட்சேபணை தெரிவித்தது, நிராகரித்தேன். முதல் மாதம் நான் எடுத்ததில் மிகத் தெளிவாக விழுந்தவை பறவை உட்கார்ந்துவிட்டுப் போன கிளைகள். மூன்றாம் மாதம் பறவையும் விழத் தொடங்கியது, வாலோ தலையோ இல்லாமல். சூரியனை முதுகில் வைத்துக்கொள், ஃபோகஸ் குறியை உடம்பில் வைக்காமல் கண்ணில் வை, சிறகு அடிக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டு, ஒன்றுக்குப் பத்தாக எடுத்து ஒன்பதை அழி. இதெல்லாம் கையேட்டிலேயே இருந்தது. நான்தான் அடிக்கோடு போட்டுவிட்டுக் கடந்து போயிருந்தேன்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, காரின் பக்கத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். காரின் வலது கண்ணாடியில் ஒரு வண்ணாத்திக் குருவி. மேலே கருப்பு, வயிறு வெள்ளை, வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கொத்துகிறது. பின்வாங்கி, மேல் விளிம்பில் உட்கார்ந்து குனிந்து பார்க்கிறது. கண்ணாடிக்குள் இருப்பவன் இன்னும் போகவில்லை. மறுபடி பாய்கிறது. கண்ணாடி முழுக்கக் கீறலும் எச்சமும்.

என் கையில் கேமரா இருந்தது. எடுக்கவில்லை. இவ்வலுவலகத்தில் வேறு எவரும் கண்டதில்லை என்று நான் எழுதியது, எழுதிய கையெழுத்தோடு, மையோடு எனக்குத் தெரிந்தது.

அன்று மாலைக்குள் நான் விதிகளை மனதில் புரட்டி முடித்துவிட்டேன். கண்டனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் காலக்கெடு உண்டு. அது எப்போதோ முடிந்தது. சீராய்வு மனு போடலாம் என்றால் போட வேண்டியவர் அவர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வகைக் கோப்புகளைக் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பின் அழித்துவிடுவார்கள்; என் வாக்கியம் எந்தப் பழைய தாள் வியாபாரியின் தராசிலோ போயிருக்கும். ஒரு பொய்யை எழுதிய அதிகாரி, தானாக முன்வந்து அதைத் திரும்பப் பெறுவதற்கு எந்தக் கையேட்டிலும் ஒரு பத்தி கிடையாது. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்தப் பறவை கண்ணாடியைக் கொத்துவதைப் படம் எடுப்பது. யார் பார்த்தாலும் மறுக்க முடியாத மாதிரி எடுப்பது.

இரண்டு வாரம் முயன்றேன். நான் நடந்து வந்தால் பறவை போய்விடும். மறைந்து நின்றால் கண்ணாடியில் என் பச்சைச் சேலை தெரியும். கருப்பும் வெள்ளையுமான பறவை வேறு. கருப்புத் தெரியும்படி வெளிச்சம் வைத்தால் வெள்ளை வெந்துபோய்ச் சுண்ணாம்புக் கட்டியாகிறது, வெள்ளையைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் ஒரே தார். படங்களைக் கணினியில் பார்த்த என் கணவர், "பேய் இருக்குன்னு நிரூபிக்க இத வெச்சுக்கலாம்" என்றார்.

ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓட்டுநரும் இருந்தார். தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவுக்கு மேல் வணக்கம் அனுப்புவார். நான் ஒரு நாளும் பதில் போட்டதில்லை. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

"யாரு, மேடமா?" குரலில் ஒரு நிமிர்வு வந்தது. உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். என் பென்சன்ல ஏதும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு குருவி விஷயமாப் பேசணும்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு, "எந்தக் குருவி மேடம்?"

"கண்ணாடில கொத்துற குருவி. எங்க வீட்டுக் கார்ல கொத்துது. எனக்குச் சரியா எடுக்க வரல."

"நாளைக்கு மொத பஸ்ல வாரேன்" என்றார்.

அவருடைய ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். மறுநாள் ஏழு மணிக்கு முன்னாலேயே வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு, அலுவலகத்துக்கு வருகிற மாதிரியே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே கொல்லைக்குப் போய், காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கண்ணாடியிலிருந்த எச்சத்தைக் குனிந்து பார்த்தார். வேலியைப் பார்த்தார், முருங்கையைப் பார்த்தார். பிறகு என் மனைக்கட்டையையும் கேமரா மாட்டும் மூன்று கால் தாங்கியையும் பார்த்தார்.

"இங்கிட்டு நின்னா எடுத்தீங்க?"

"ஆமா."

"அது வராது மேடம். மனுசன் நின்னாத்தான் அதுக்குப் பயம். வண்டி நின்னாப் பயமில்ல. வண்டிக்குள்ள ஒக்காந்துருங்க."

முப்பது வருடம் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்த மனிதர். நாங்கள் கிராமம் கிராமமாக இறங்கிப் போய் அளந்து, விசாரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் ஏதோ ஒரு மரத்தடியில் ஜீப்புக்குள் இருந்திருக்கிறார். அவர் தூங்குகிறார் என்றே நாங்கள் நினைத்தோம். வண்டியைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரே அரசு ஊழியர் அவர்தான்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். எனக்கு நிபந்தனை போட்ட முதல் ஓட்டுநர். "நாலு நாள்தான் மேடம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். மத்த நேரமெல்லாம் கண்ணாடிய மூடிறணும். இப்ப அதுக்குக் குஞ்சு இருக்கும். சண்டையில எறங்கிருச்சுன்னா எரை தேடப் போகாது. நாலு நாள்ல விழுகலைன்னா விட்ருங்க. படத்துக்காக அத வதைக்க வேணாம்." யாருடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக அந்தப் படம் வேண்டியிருந்ததோ, அவரே அதைச் சொன்னார். பழைய தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியில் மாட்டி முடிச்சுப் போட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். குருவி வந்தது, கைக்கெட்டும் தூரத்தில் சண்டை போட்டது. லென்ஸ் அத்தனை கிட்டத்தில் எதையும் பிடிக்காது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வெறும் புகை. ஒரு நாள் போயிற்று. "பின்னாடி, இடது பக்கம் போயிருங்க மேடம். அங்கேருந்து குறுக்காப் பாத்தா இந்த ஜன்னல் வழியா வலது கண்ணாடி தெரியும்" என்றார். பின் இருக்கையின் இடது பக்கம் என்பது அதிகாரிகள் உட்காரும் இடம். வாழ்க்கையெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து அந்தக் கண்ணாடி தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் போனதும் அவர் பழக்கத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இடையில் அவர் தலை மறைக்குமே என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையை விட்டு நகர்ந்து பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். அங்கே கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் குருவி வரவில்லை. வேலி மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கார்க் கதவுகளை மூடி, ஜன்னல்களை இறக்கிவிட்டு, அசையாமல் இருந்தோம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் எழுதுனது ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க மேடம்." தலையைத் திருப்பாமல் சொன்னார். "ஆபீஸுக்கு ஒரு வேலையா வந்த எங்க மச்சான் அந்தக் காயிதத்தப் பாத்துட்டாரு. ஊர்ல டீக்கடைல வெச்சுச் சொல்லிட்டாரு. நான் வீட்டுக்குப் போறதுக்கு முந்தியே பேச்சு வீட்டுக்குப் போயிருச்சு."

"நீங்க குடிக்க மாட்டீங்கன்னு வீட்ல தெரியாதா?"

"தெரியும். ஆனா ஆபீஸ்லயே எழுதிட்டாங்கன்னா என்ன பண்ணுவா? வெளில எங்கயோ குடிக்கிறேன்னு நெனச்சுட்டா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னா. இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னா." பூனையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "நான் இனிமேங்கறத விட்டுட்டு, குடிக்க மாட்டேன்னு மட்டும் சொன்னேன். யாரும் கவனிக்கல."

"இப்பவும் அப்படித்தான் நெனக்கிறாங்களா?"

"சத்தியம் பண்ணித் திருந்திட்டேன்னு நெனக்கிறா. அதுல அவளுக்கு ஒரு பெருமை. நான் கலைக்கல."

பூனை இறங்கிப் போனது. கால் மணி நேரம் முடிந்ததும் அவரே இறங்கிக் கண்ணாடியை மூடினார். நான் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அது நல்ல இடம். ஆனால் ஜன்னலை இறக்கிவிட்ட காருக்குள் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை. படம் வேண்டும் என்று மட்டும் உறுதியாக இருந்தது.

மூன்றாம் நாள் குருவி வந்தது. பன்னிரண்டு படம் எடுத்தேன். பன்னிரண்டிலும் கண்ணாடியின் பிளாஸ்டிக் விளிம்பு ஊசி போலத் தெளிவு, பறவை பஞ்சு. தானாகக் குறி பிடிக்கும் வசதியை நம்பியதன் பலன். அன்று மத்தியானம் முழுக்க, தலையணை உறையின் மேல் ஒரு கருப்பு வெள்ளைக் காலுறையைச் சுருட்டி வைத்து, பின் இருக்கையிலிருந்து கையால் குறி திருப்பிப் பழகினேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, காலுறையை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்து, "குருவி இங்கதான் ஒக்காரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான்காம் நாள். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தேன். வெள்ளை வேகக் கூடாது. ஷட்டர் வேகத்தை ஏற்றி, விரலை மேலே வைத்துக்கொண்டு, மூச்சைச் சின்னதாக விட்டேன். ஓட்டுநர் இடது பக்கக் கண்ணாடியில் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவுத்துக்கு வந்துருச்சு" என்றார், உதடு அசையாமல். நான் குறியைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் நிறுத்தினேன்.

"முருங்கைக்கு வந்துருச்சு."

குறியை ஒரு மயிரிழை திருப்பினேன்.

"அங்கிட்டுத் திரும்புது. இருங்க. இருங்க மேடம். இப்ப."

எத்தனை எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. முப்பத்தொன்று. முப்பதை அழித்தேன். மிச்சமிருந்த ஒன்றில் பறவை விளிம்பைக் காலால் பற்றிக்கொண்டு கீழே சாய்ந்திருக்கிறது. சிறகு ஓரம் கலங்கியிருக்கிறது, கண் மட்டும் தெளிவு, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம். கண்ணாடிக்குள்ளிருந்து இன்னொரு அலகு வந்து இந்த அலகைத் தொடுகிறது. அலகின் ஓரத்தில் ஒரு சிவப்பு. கேமராவின் சின்னத் திரையில் அதைக் காட்டியபோது ஓட்டுநர் வெகு நேரம் பார்த்தார். "இதுதான் மேடம்" என்றார். உடனே இறங்கிப் போய்க் கண்ணாடியை மூடினார்.

பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டேன். அதோடு ஒரு வெள்ளைத் தாளில், எனக்குத் தெரிந்த அலுவலகக் கடித வடிவத்திலேயே, பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் மறுபடியும் ஒரு நல்ல வாக்கியம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அதை அடித்தேன். நான்கு முறை அடித்து எழுதினேன். கடைசியில் தேறியது மூன்று வரி.

அவர் வீட்டுக்கு நானே பஸ்ஸில் போனேன். அவருடைய மனைவி வாசலில் கடலைச் செடிகளைக் குவித்துப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க. நீங்கதான் அந்த மேடமா?"

"நாந்தான்."

"இவரு போன வாரம் பூரா மொத பஸ்ஸுக்கு ஓடுனப்பவே நெனச்சேன், ஏதோ இருக்குன்னு." கை நிற்கவில்லை. கடலை சட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. ஓட்டுநர் எனக்கு நாற்காலி கொண்டுவரப் போனார். நான் நின்றபடியே தாளை எடுத்துப் படித்தேன். படத்தைக் கொடுத்தேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். "இந்தத் துளியூண்டுதானா?"

"இதுதாங்க."

"இத அன்னைக்கே சொன்னாரு. இதே மாதிரிதான் சொன்னாரு. மனுசன் பொய் சொல்லுவான், காயிதம் சொல்லுமான்னு எங்கண்ணன் கேட்டாரு. நானும் காயிதத்தத்தான் நம்புனேன்." நாற்காலியோடு வந்து நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தச் சூடம்?"

"அணைஞ்சது அணைஞ்சதுதான். விடு" என்றார் ஓட்டுநர்.

"விடுறதாவது." எழுந்து மடியை உதறினார். "மேடம், எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. எனக்கு இது ஆபீஸ்லேருந்து வரல. டீக்கடைலேருந்து வந்துச்சு. அங்க வந்து சொல்லுங்க."

ஓர் அறிவிப்பு எங்கெல்லாம் ஒட்டப்பட்டதோ, அதற்கான திருத்தமும் அங்கெல்லாம் ஒட்டப்பட வேண்டும். அந்த நடைமுறையை நான் எத்தனையோ இளம் அலுவலர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டீக்கடை பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. பெஞ்சில் ஆறேழு பேர். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னா குருவி, விருந்தாளியா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். என்னை யாரென்று சொன்னேன். தாளைப் பிரித்தேன். வட்டாட்சியர் அலுவலகங்களில் எத்தனையோ ஆணைகளைக் குரல் நடுங்காமல் படித்தவள்தான்.

"இவர் சொன்ன பறவையை நான் பார்த்தேன். இவர் எழுதிக் கொடுத்த விளக்கம் முழுவதும் உண்மை. இவர் குடித்திருந்தார் என்று தோன்றும்படி எழுதியது நான், அது பொய்."

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தியிருந்தார். படம் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் இருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"வாயில ரத்தம் தெரியுதே" என்றார். "இம்புட்டுக் கிட்டக்க எப்படிம்மா எடுத்தீங்க?"

"இவரு ஒக்காரச் சொன்ன எடத்துல ஒக்காந்து எடுத்தேன்."

பெரியவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "கண்ணாடியத் தேடி எப்படிய்யா வருது அது?"

பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஓட்டுநர் உட்கார்ந்தார். மனைவி அவருக்கு எதிரில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"மொத செவுத்துல வந்து ஒக்காரும்" என்று ஓட்டுநர் தொடங்கினார்.